லாரியில் ஏறாதவை

1

இந்தக் கதை எங்கிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தாளிலிருந்து. வீடு மாற்றித் தரும் கம்பெனியில் லாரிக்குச் சொல்லப் போனபோது கையில் திணித்த பளபளப்பான தாள். ஆழ்மனம், அதிகாலைக் கனவு என்று எதையாவது எதிர்பார்த்து வந்தவர்கள் வேறு கதைக்குப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

"கீழ்க்காணும் பொருட்களை எங்கள் வாகனத்தில் ஏற்ற இயலாது" என்று அதில் போட்டிருந்தது. கேஸ் சிலிண்டர், பெட்ரோல், பெயிண்ட், தின்னர், தீப்பெட்டி, கழிவறை கழுவும் ஆசிட், நெயில் பாலிஷ், அதை அழிக்கிற ரிமூவர், திறந்த எண்ணெய் பாட்டில், செடி, பூனை, நாய், மீன். நெருப்புப் பிடிக்கிற சாமான்களாக வரிசையாக வந்துகொண்டிருக்கும்போது நடுவில், எதிரி வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த ஆள் மாதிரி, தீயணைப்பான். உள்ளே அழுத்தம் இருக்கிறதாம், லாரி குலுங்கினால் வெடிக்குமாம். கடைசி வரியில், மிச்சம் மீதி யாரும் தப்பிவிடக் கூடாது என்று, "உயிருள்ள எதுவும்" என்று முடித்திருந்தார்கள்.

எனக்கு இந்த மாதிரித் தாள்கள் மேல் ஒரு பாசம் உண்டு. பகலில் நான் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மாத்திரைப் பெட்டிக்குள் சின்னதாக மடித்து வைத்திருப்பார்களே, நீங்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போடுவீர்களே, அந்தத் தாளை எழுதுவது நான்தான். என் எழுத்திலேயே அதிகப் பிரதிகள் அச்சானது "சிலருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் ஏற்படலாம்" என்பதுதான். மற்ற நேரத்தில் கதை எழுதுகிறேன். அதைப் படித்தும் சிலருக்கு அப்படி ஆனதாகக் கேள்வி.

மருந்துக் கம்பெனி வேறு ஊருக்குப் போகிறது, கூடவே நானும் போகிறேன். மூட்டை கட்டுகிற களேபரத்தில் ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, வீடு மாற்றுவதைப் பற்றிச் சிரிக்கிற மாதிரி ஏதாவது எழுதுங்கள், கடைசியில் மட்டும் லேசாகக் கண் கலங்கட்டும் என்றார். கடையில் சர்க்கரை கம்மியாக ஒரு டீ என்று சொல்வது போலச் சொன்னார். சரி என்றேன். தாள்தான் கையில் இருந்ததே.

2

தொடக்கங்கள். எழுதியவை எல்லாவற்றையும் இங்கேயே வைக்கிறேன், கழித்ததையும் சேர்த்து. வீடு காலி செய்கிறவளுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது.

முதல் தொடக்கம்: "லாரி வந்து நின்றபோது மழை பிடித்துக்

(இல்லை. மழை பெய்தால் மெத்தை நனையும், லாரிக்காரர் வரவே மாட்டார். கதையில் மழை பெய்ய வைக்கிறவர்கள் யாரும் மெத்தை தூக்கியதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "ஒவ்வொரு வீடும் தன்னைவிட்டுப் போகிறவர்களை மௌனமாக

(வீட்டுக்கு வேறு வேலை இல்லையா.)

மூன்றாம் தொடக்கம்: "மாமாவின் அஸ்தி இருந்த செம்பை மட்டும் லாரியில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்."

இது முழு வாக்கியமாகவே வந்தது. கதையில் ஒரு ஆளைச் சாகடித்தால் பக்கத்துக்குக் கனம் வந்துவிடும், நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் பிழைப்பை ஓட்டுகிறோம். திருப்தியோடு தாளை ஒரு அட்டைப்பெட்டி மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது:

[ஆய்வில் கண்டது: மேற்படி நபர் உயிருடன் இருக்கிறார். செம்பும் நம் வீட்டுடையது அல்ல. திருத்தவும்.]

ஆக, இந்தக் கதையில் சதுர அடைப்புக்குள் வருவது என் குரல் அல்ல. வளைந்த அடைப்புக்குள் புலம்புவது மட்டும்தான் நான்.

3

பென்சிலின் சொந்தக்காரர் என் மாமனார்.

அவருடைய மகன் ஒரு காலத்தில் என் கணவன். இப்போது வேறு ஊரில், வேறு வீட்டில், வேறு ஒருத்தியோடு இருக்கிறான். போகும்போது தன் துணிமணி, தன் லேப்டாப், ஒருநாளும் தூக்காத தன் உடற்பயிற்சி எடைகள் எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்துப் போனான். அப்பாவை மட்டும் கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனான். அந்தக் கொஞ்ச நாளுக்குள் எங்கள் விவாகரத்தே முடிந்துவிட்டது.

முன்னாள் கணவன் என்று சொல்லலாம், கொஞ்சம் கம்பீரமாகக்கூட இருக்கிறது. முன்னாள் மாமனார் என்று சொல்லிப் பாருங்கள், வாய் கோணுகிறது. ஓரகத்தி, கொழுந்தன், சகலை, சம்பந்தி, ஒன்றுவிட்ட அத்தை என்று நூல் பிடித்து அளந்து சொல் செய்து வைத்தவர்கள், சேர்வதற்கு மட்டும்தான் செய்தார்கள். கோர்ட்டிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்ததும் உள்ளே உட்கார்ந்திருக்கிற மனிதரை என்னவென்று கூப்பிடுவது என்று யாரும் யோசிக்கவில்லை. அன்றைக்கு நான் "மாமா, சாப்டீங்களா" என்றேன். அவர் "நீ வரட்டும்னு இருந்தேன்" என்றார். அப்படியே தொடர்ந்துவிட்டோம்.

தொழிலால் அவர் தீத்தடுப்பு ஆய்வாளர். ஆலை ஆலையாகப் போய் தீயணைப்பான்களையும் பம்புகளையும் சோதிப்பது வேலை. சரியாக இருந்தால் அதில் தொங்கும் அட்டையில் "பார்வையிடப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். உதவாது என்றால் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு நடையைக் கட்டுவார். சிவப்பு கட்டியதை அடுத்த வண்டியில் பழைய இரும்புக்கு அனுப்பிவிடுவார்களாம். ஏன், எதற்கு என்று விளக்கம் கொடுத்ததே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்.

ஓய்வு பெற்றும் ஆய்வு ஓயவில்லை. சமையலறைக்கு வந்து கேஸ் குமிழை முகர்ந்து பார்ப்பார், நான் அடுப்பைப் பற்ற வைத்திருக்கும்போதே. படுக்கப் போகுமுன் வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் பிடுங்குவார், ஃபிரிட்ஜையும் சேர்த்து. காலையில் பால் திரிந்திருக்கும். "வெயில் காலம்மா" என்பார், எந்தக் காலமாக இருந்தாலும். அவருடைய சொந்தச் சொத்து என்று இந்த வீட்டில் இருப்பது ஒரு மரக் கை வைத்த சாய்வு நாற்காலியும், அதன் கைக்குக் கீழே சுவரோரமாக நிற்கும் ஒரு பழைய தீயணைப்பானும்தான். தீயணைப்பானின் அழுத்தம் காட்டும் முள் பல காலமாகச் சிவப்புப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. தினமும் அதைத் தட்டிப் பார்த்து, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது, முள்தான் பழுது என்பார். இந்த மாதிரி ஒரு ஆளைக் கதையில் வைத்தால் நம்புவார்களா என்று எனக்குச் சந்தேகம். பக்கத்து அறையில் இருமுகிறார், அதனால் வைத்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லாரி வரும் நாள் குறித்தாகிவிட்டது. மாமா எங்கே போவார் என்பது குறிக்கப்படவில்லை. மகனைக் கேட்டால், பெரியவர்கள் தங்கும் விடுதி ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், அங்கே தோட்டம் இருப்பதாகவும் சொல்கிறான். மாமாவுக்குத் தோட்டம் என்றால் காய்ந்த சருகு, காய்ந்த சருகு என்றால் தீ. என்னோடு வருகிறீர்களா என்று நான்தான் கேட்க வேண்டும். கேட்டால் சரி என்று சொல்லிவிடுவாரோ என்று பாதி நாள் பயம். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று மீதி நாள் பயம். கேட்க எனக்கு என்ன உரிமை என்பது தனி. இந்தக் கதையின் கேள்வி இவ்வளவுதான், ஒளித்து வைத்து விளையாட எனக்கு நேரமில்லை.

(இந்தப் பகுதி மட்டும் அவர் கண்ணில் படக் கூடாது. கரண்டிகள் வைத்த பெட்டிக்குள் அடியில் போட்டு டேப் ஒட்டிவிட்டேன்.)

[பால் பற்றிய குறிப்பு உண்மைக்குப் புறம்பானது. டேப்பை நீளவாக்கில் ஒட்டினால் பெட்டி பிரியும், குறுக்கேயும் ஒரு சுற்று தேவை.]

மற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் படித்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அன்றைக்கு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, புது ஊரில் தண்ணீர் உப்பாக இருக்குமா என்பதைப் பற்றி வெகு நேரம் பேசினோம்.

4

இங்கிருந்து கதை என் பிடியை விட்டு நழுவுகிறது. தப்பு என்னுடையது அல்ல. லாரிக் கம்பெனியிலிருந்து சாமான்களைக் கணக்கெடுக்கும் சர்வேக்கு ஆள் வந்து போன மறுநாளிலிருந்து மாமா மாமாவாக இல்லை.

நாற்காலியில் உட்காருவதை நிறுத்திவிட்டார். பால்கனியில் துணி அலசும்போது நான் போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் ஸ்டூலில் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். கேஸ் குமிழை முகரவில்லை. பிளக்குகள் எல்லாம் போட்டபடியே கிடந்தன. பால் கெடாமல் இருந்தது. பால் கெடாமல் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை என்பதைப் பாலைக் காய்ச்சும்போதுதான் கண்டுபிடித்தேன்.

எழுதிய தாள்களை வேண்டுமென்றே அவர் நடமாடுகிற இடங்களில் வைத்துப் பார்த்தேன். பென்சில் வரவில்லை. ஒரு பத்தியில் ஆய்வாளர் வேலையைப் பற்றி வேண்டுமென்றே தப்பாக எழுதி, தண்ணீர் ஊற்றி எண்ணெய்த் தீயை அணைக்கலாம் என்றுகூட வைத்தேன். சும்மா இருந்தார். அவருக்கு உடம்புக்கு ஏதோ என்று நினைத்தேன்.

பரணிலிருந்து தன் பழைய சூட்கேஸை இறக்கித் துடைத்தார். சட்டைகளை மடித்து வைத்தார். நான் கேட்டதற்கு, நீ எப்படியும் கட்டத்தானே போறே, என் வேலையை நானே முடிச்சிடறேன் என்று சிரித்தார். இதமாகச் சிரித்தார். விருந்தாளி சிரிக்கிற மாதிரி. பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு மகனோடு பேசியதும் காதில் விழுந்தது, போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். லாரி வருகிற அன்றைக்கே நீயும் வந்துவிடு, அந்த அறை எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சரிதான். மூன்றாம் பகுதியைப் படித்துவிட்டு அவரே முடிவெடுத்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன். கேட்கிற சங்கடத்தை எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். போகட்டும். புது ஊரில் அடுப்பை யாரும் முகராமல் சமைக்கலாம், பாலைப் பாலாகக் குடிக்கலாம். உண்மையில் எனக்கு எவ்வளவு நிம்மதியாக

(முடித்துப் பார்த்தேன். பொய்யாக வந்தது, அழித்துவிட்டேன்.)

5

பத்திரிகை ஆசிரியர் கேட்டது சிரிக்கிற கதை. நான்காம் பகுதியில் யாரும் சிரிக்கப் போவதில்லை. அதனால் ஈடுகட்ட சர்வே நடந்த கதையைச் சொல்கிறேன். இதற்கும் மாமாவின் சூட்கேஸுக்கும் சம்பந்தமில்லை, சும்மா ஒரு இடைவேளை.

சர்வேக்கு வந்தவரை ஸ்டிக்கர் என்றே வைத்துக்கொள்வோம். சட்டைப் பையில் இரண்டு கட்டு ஸ்டிக்கர் வைத்திருந்தார். லாரியில் ஏறுகிற சாமானுக்குப் பச்சை, ஏறாததற்குச் சிவப்பு. பீரோவுக்குப் பச்சை, கட்டிலுக்குப் பச்சை. பாதி பெயிண்ட் டின்னுக்குச் சிவப்பு, ஜன்னலோரச் செடிக்குச் சிவப்பு. குளியலறைக்குப் போய் என் நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டிலைக் கண்டுபிடித்து, திருடனைப் பிடித்த போலீஸ் மாதிரி வெளியே கொண்டு வந்து சிவப்பு ஒட்டினார். ஏற்றுகிற அன்றைக்கு வருகிற ஆட்கள் யாரும் எதையும் கேட்க மாட்டார்களாம். நிறத்தைப் பார்ப்பார்களாம், தூக்குவார்களாம், இல்லை விட்டுவிடுவார்களாம்.

கூடத்துக்கு வந்தார். மாமா சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நாற்காலிக் கைக்குக் கீழே தீயணைப்பான். அதன் தலை மேல், நாய்க்குட்டியைத் தடவுகிற மாதிரி, மாமாவின் கை. ஸ்டிக்கர் குனிந்தார், வளைந்தார், சுவரோரம் தலையை நுழைத்துப் பார்த்தார். ஆளை எழுப்பாமல் அதைத் தொட வழியில்லை. கடைசியில் சிவப்பை நாற்காலியின் மரக் கையிலேயே ஒட்டிவிட்டு என் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார்: "கீழ இருக்கிறதுக்குத்தான் மேடம் இது. மேல இருக்கிறவருக்கு இல்ல."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டேன். நாற்காலிக்கு உண்டான பச்சையை, பெரியவர் எழுந்ததும் நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள் என்று என் கையில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன் வந்தது. அந்தப் பச்சையை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கு வரை தெரியவில்லை.

(சிரித்தாயிற்றா. இனி கதைக்குத் திரும்பலாம்.)

6

திரும்ப முடியவில்லை.

காலையில் எழுந்து வந்தால் பால் திரிந்திருந்தது.

ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி, வயரை அழகாகச் சுற்றி மேலே வைத்திருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஐந்தாம் பகுதித் தாள் இருந்தது. ஸ்டிக்கர் கிசுகிசுத்த வாக்கியத்தின் கீழே பென்சிலால் கோடு, அளவுகோல் வைத்துப் போட்ட கோடு. ஓரத்தில்:

[இவ்விவரம் ஸ்டிக்கரிலேயே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும்.]

அங்கேயே நின்றுகொண்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்புறம்தான் உறைத்தது. தூங்கி எழுந்த மனிதர் தன் கைக்குப் பக்கத்தில் சிவப்பைப் பார்த்திருக்கிறார். வாழ்நாள் முழுக்கச் சிவப்பு கட்டியவர். அதற்கு முந்தின நாள்தான், கேட்பதா வேண்டாமா என்று நான் எழுதி வைத்ததைப் படித்திருக்கிறார். இதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டு, ஒரு கேள்வி கேட்காமல், போய்ச் சூட்கேஸைத் துடைத்திருக்கிறார். அந்தக் காட்சியை நான் வாயைப் பொத்திச் சிரித்த காட்சியாக எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஸ்டிக்கர் ஆளை உதைக்க வேண்டும் போல இருந்தது, அதைவிட என்னை.

கூடத்துக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து தீயணைப்பான் முள்ளைத் தட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு அவர் முழங்கைக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது.

"மாமா, அந்த ஸ்டிக்கர் உங்களுக்குன்னா நெனச்சீங்க?"

"முழிச்சுப் பாத்தா கைக்கிட்ட செவப்பு. வேற என்னம்மா நெனைக்கிறது."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"காலம் பூரா நான் செவப்பு கட்டியிருக்கேன்," என்றார் முள்ளைத் தட்டியபடியே. "எந்தப் பம்பும் என்கிட்ட வந்து ஏன்னு கேட்டதில்ல."

இந்த இடத்தில்தான் நான் கேட்டிருக்க வேண்டும். நானே எழுதுகிற கதை, நானே நிற்கிற கூடம், எதிரில் அவர். இதைவிட வசதியான இடம் எந்த எழுத்தாளருக்கும் கிடைக்காது. நான் வாயைத் திறந்து, டீ போடட்டுமா என்று கேட்டேன்.

பால் திரிஞ்சிருக்குமே என்றார். பிறகு, மகன் அறை பிடித்துவிட்டதாகவும், சொன்னபடி லாரி வருகிற அன்றைக்கு வருவதாகவும், இனிமேல் வேண்டாம் என்றால் அவன் கத்துவான் என்றும் சொன்னார்.

"முடிவ இன்னும் எழுதலயே நீ. எழுது. பாத்துட்டு சொல்றேன்."

7

எழுதினேன். மூன்று முடிவுகள். வேலைக்குப் போகாமல் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுதினேன். அது ஒன்றுதான் இந்தக் கதைக்காக நான் சொன்ன முழுப் பொய்.

முடிவு அ. விடுதிக்குப் போகுமுன் தன் தீயணைப்பானை என் காரில் வைத்துவிட்டுப் போகிறார். புது வீட்டில் அடுப்படியில் தீப்பிடிக்கிறது. அந்தப் பழைய தீயணைப்பானை எடுத்து அழுத்துகிறேன், வெள்ளையாகச் சீறி வந்து தீயை அணைக்கிறது. கதை எழுதக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், முதலில் காட்டியதைக் கடைசியில் உபயோகித்துவிட்டேன்.

[முள் சிவப்பில் இருக்கும்போது இது நடக்காது.]

(ஆக, அவருக்குத் தெரியும். பழுது முள்ளில் இல்லை என்று இத்தனை காலமும் தெரிந்தே தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு எழுதக் கையே ஓடவில்லை, எழுந்து போய் ஒரு பெட்டிக்குக் குறுக்கே டேப் ஒட்டிவிட்டு வந்தேன்.)

முடிவு ஆ. மகன் வருகிறான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் உங்களைத் தவிக்க விட்டுட்டேன்ப்பா, இனிமே நான் பாத்துக்கறேன் என்கிறான். மாமா அவனோடு காரில் ஏறுகிறார். நான் கை அசைக்கிறேன். விடுதித் தோட்டத்தில் பூக்கள்.

[மகன் இவ்வாறு பேசியதாக இதுவரை பதிவு இல்லை. பூக்கள் இருந்தால் சருகும் இருக்கும்.]

முடிவு இ. லாரி கிளம்புகிறது. நான் ஓடிப்போய் மாமாவின் காலடியில் உட்கார்ந்து, நீங்க எனக்கு அப்பா மாதிரி, உங்கள விட்டுட்டு எப்படிப் போவேன் என்று அழுகிறேன். அவரும் அழுகிறார். லாரி டிரைவரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

[அழுகை அதிகம். டிரைவர் சாலையைப் பார்க்க வேண்டும். 'அப்பா மாதிரி' தேவையில்லை. மாமா என்பதே போதும்.]

மூன்றையும் திருத்தினார். எதன் கீழும் "பார்வையிடப்பட்டது" என்று எழுதவில்லை, கையெழுத்தும் போடவில்லை. பாத்துட்டு சொல்றேன் என்றவர் எதுவும் சொல்லவுமில்லை. எழுதி வைத்துக் கேட்டதற்கெல்லாம் எழுதியே பதில் வந்துகொண்டிருந்தது. வாயால் கேட்டால்தான் வாயால் பதில் வரும் போல.

8

லாரி வந்தது. மழை இல்லை.

ஸ்டிக்கர் சொன்னது சரி, ஆட்கள் எதையும் கேட்கவில்லை. பச்சை எல்லாம் படியிறங்கிப் போயின. பீரோ போன இடத்தில் சுவர் வேறு நிறத்தில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வீட்டில் சிவப்புகள் மட்டும் மிஞ்சின. பாதி பெயிண்ட் டின், செடி, நெயில் பாலிஷ் ரிமூவர், நாற்காலி, அதன் கீழே தீயணைப்பான், நாற்காலி மேல் மாமா, அவர் மடியில் சூட்கேஸ். சூட்கேஸில் எந்த ஸ்டிக்கரும் இல்லை.

ஏற்றுகிற ஆட்களின் மேஸ்திரி கூடத்துக்கு வந்து, முடிஞ்சுது மேடம், கிளம்பறோம் என்றார். நாற்காலி இருக்கிறதே என்றேன். செவப்பு ஒட்டியிருக்கே என்றார். தப்பாக ஒட்டியது என்றேன். எங்களுக்கு நெறந்தான் மேடம், செவப்பு இருந்தா தொட மாட்டோம், அப்புறம் கம்பெனியில எங்களத்தான் கேப்பாங்க என்றார். மனிதர் குரலில் கோபமெல்லாம் இல்லை, சட்டம் அப்படி.

மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மண்டியிட்டு அந்தச் சிவப்பை நகத்தால் பிறாண்டினேன். மேல்தாள் மட்டும் உரிந்து வந்தது, சிவப்பு மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடி பிறாண்டினேன், நகம்தான் உடைந்தது. கீழே தெருவில் லாரி உறுமத் தொடங்கியது. எட்டி, லாரியில் ஏறாத அந்த ரிமூவர் பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திறந்து புடவைத் தலைப்பில் ஊற்றித் தேய்த்தேன்.

"மூடுன ரூம்ல அதத் தொறக்காதே," என்றார் மாமா. பல நாளுக்குப் பிறகு பழைய குரல். "ஜன்னலத் தொற மொதல்ல."

திறந்தேன். தேய்த்தேன். சிவப்பு கரைந்து என் தலைப்புக்கு வந்தது. அவர் கையைத் தூக்கிக்கொண்டு எனக்கு இடம் விட்டார். சூட்கேஸை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். மரத்தில் ஒரு வெளிறிய கட்டம் மட்டும் மிஞ்சியது.

சிவப்பு இல்லாவிட்டால் போதாது, பச்சை வேண்டும் என்றார் மேஸ்திரி. பச்சை என்னிடம் இல்லை, தொலைத்துவிட்டேன். அப்போது மாமா தன் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். கூடவே, நாலாக மடித்த மெழுகுத்தாளில் பத்திரமாக ஒட்டியபடி, அந்தப் பச்சையும் வந்தது.

"போன் வந்தப்ப ஃபிரிட்ஜ் மேல வெச்சுட்டுப் போனே," என்றார் என்னைப் பார்க்காமல். "பிளக்க புடுங்கறப்ப கெடச்சுது. யாருக்குன்னு தெரியல, எடுத்து வெச்சேன்."

வாங்கினேன். நாற்காலிக் கையில் ஒட்டினேன். மேஸ்திரி பக்கம் திரும்பினேன். மாமாவைப் பார்த்துச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, அதனால் அந்த மனிதரிடம் சொன்னேன்.

"நாற்காலி லாரியில போகட்டும். மாமா என்கூட கார்ல வர்றார்."

மேஸ்திரிக்கு இதில் என்ன இருக்கிறது. சார் எழுந்தா தூக்கிடலாம் என்றார்.

கீழே தெருவில் ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. மகனுடைய ஹாரன் எனக்குத் தெரியும், பொறுமையில்லாமல் இரண்டு முறை விட்டு விட்டு அடிப்பான். மாமா தீயணைப்பானைப் பார்த்தார். என் தலைப்பிலிருந்த சிவப்பைப் பார்த்தார். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு

9

(இங்கே நிறுத்துகிறேன்.)

பத்திரிகை ஆசிரியர் படித்துவிட்டுப் போன் செய்தார். எல்லாம் சரி, முடிவு இல்லையே, பெரியவர் எழுந்தாரா இல்லையா, எழுந்தவர் எந்தக் காரில் ஏறினார் என்றார். மூன்று முடிவுகள் எழுதி மூன்றும் திருத்தப்பட்டுவிட்டன, நாலாவது எழுத எனக்கு ஆசையில்லை என்றேன். வாசகர்கள் திட்டுவார்கள் என்றார். திட்டட்டும், மாத்திரைத் தாளைப் படிக்காமல் தூக்கி எறிந்தார்களே, அதற்கு இது.

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஹாரன் அடித்த மகனை மாடிக்கு வரவழைத்துத் திருந்த வையுங்கள், விடுதியில் பூ வையுங்கள், வேண்டுமானால் மழைகூடப் பெய்ய வையுங்கள், மெத்தை ஏற்றியாகிவிட்டது. நான் குறுக்கே வர மாட்டேன்.

எனக்கு இப்போது வேறு வேலை இருக்கிறது. புது வீட்டில் இன்னும் எல்லாப் பெட்டியும் பிரித்தபாடில்லை, கரண்டிப் பெட்டியில் குறுக்கேயும் டேப் ஒட்டியிருப்பதால் திறக்கவே முடியவில்லை. இந்த ஊரில் தண்ணீர் உப்பு. காலையில் எழுந்து வந்து பார்த்தால் ஃபிரிட்ஜ் பிளக்கை யாரோ பிடுங்கி, வயரை அழகாகச் சுற்றி மேலே வைத்திருக்கிறார்கள். பால் திரிந்துவிட்டது. கடைக்குப் போய் வேறு பால் வாங்கி வர வேண்டும், இரண்டு டீக்கு.